அப்பாவின் ஓவியங்களுக்கு மவுண்ட் கட்டாயம் வேண்டுமா? கடைக்காரர் தேவையில்லை என்கிறார்

தலவாக்கலை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா சித்திர ஆசிரியராக இருந்தவர். லீவு நாட்களில் நீர்வர்ணத்தில் வரைவார். அவர் வரைந்தவற்றில் எங்களிடம் மிஞ்சியிருப்பது மூன்றே மூன்றுதான். ஒன்று சென் கிளேயர் நீர்வீழ்ச்சி, மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வருவதற்கு முன்பு தண்ணீர் அகலமாகக் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில் எதிர்ப்பக்க ரோட்டில் உட்கார்ந்து வரைந்தது. இரண்டாவது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடு), வாசலில் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, கூடையோடு நிற்கிறார். மூன்றாவது கிரேட் வெஸ்டர்ன் மலைக்குக் கீழே பனிக்குள் கோச்சி (ரயில்) வருகிற படம்.

நீர்வீழ்ச்சிப் படத்தை 2015இல் பிரேம் போட்டோம். மவுண்ட், அதாவது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் சன்னல் மாதிரி வெட்டி வைக்கிற அட்டை, எதுவும் இல்லை, கண்ணாடி நேரே படத்தின் மேல்தான். முன் அறையில் மாட்டியிருந்தோம். போன ஆவணி மழைக்குப் பிறகு பார்த்தால் வானம் இருக்கிற பக்கம் ஈரம் ஊறினது போல ஒரு திட்டு, கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்திருக்கிறது. ஓரங்களில் சாம்பல் நிறப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம்.

லயத்துப் படத்தை வேறு ஒரு கடையில் கொடுத்தோம். அவர்கள் வெண்ணெய் நிற அட்டையில் சன்னல் வெட்டி மவுண்ட் போட்டுத் தந்தார்கள். அப்போது அவ்வளவு அழகாக இருந்தது. இப்போது அந்தச் சன்னலின் வெட்டு விளிம்பு தேயிலைச் சாயம் மாதிரி ஆகிவிட்டது, அதை ஒட்டிப் படத்தின் மேலும் சுற்றிவர ஒரு மண்ணிறக் கோடு விழுந்திருக்கிறது.

கோச்சிப் படத்துக்கு இன்னும் பிரேம் போடவே இல்லை. ட்ரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் இருந்தது, அதனாலோ என்னவோ மூன்றிலும் அதுதான் அப்படியே இருக்கிறது.

பங்குனியில் அப்பாவின் திதி வருகிறது. அதற்குள் கோச்சிப் படத்தையாவது ஒழுங்காகப் பிரேம் போட்டு மாட்ட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கடையில் கேட்டேன். மவுண்ட் எல்லாம் ஸ்டைலுக்குத்தான் டீச்சர், வீண் செலவு, படமும் சின்னதாகத் தெரியும் என்றார். மவுண்ட் இல்லாத படம் ஒட்டிப்போனது, மவுண்ட் போட்ட படத்தில் கோடு விழுந்தது, இரண்டையும் பார்த்த பிறகு எனக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒட்டிப்போன படத்தைப் பிரித்தெடுக்க வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.


கண்டி பிரேம் வேலை எழுதியது:

டீச்சர், முதலில் ஒரு விஷயம். ஒட்டிப்போன படத்தை இழுக்காதீர்கள். தண்ணீர் தொட்டுப் பார்ப்பதும் வேண்டாம், ஆவி பிடிப்பதும் வேண்டாம். நீர்வர்ணம் காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும், வானத்தை விடுவிக்கப் போய் வானமே கண்ணாடியோடு வந்துவிடும். பிரேமையும் பின்பலகையையும் மட்டும் கழற்றுங்கள். கண்ணாடியோடு சேர்ந்தபடியே படத்தை வெயில் படாத, காற்றோட்டமான அறையில் சில நாள் மெதுவாகக் காய விடுங்கள். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி வழியாகவே ஒரு தெளிவான போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, அது காகிதத்துக்குள் இன்னும் இறங்கும். நன்றாகக் காய்ந்து தூளான பிறகு வீட்டுக்கு வெளியே வைத்து, மூக்குக்கு மாஸ்க் கட்டிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தட்டி விடலாம். ஒட்டின இடத்தைப் பிரிப்பது காகிதப் பேணல் படித்தவர்கள் செய்கிற வேலை. அப்படி ஒருவர் கிடைக்கும் வரை கண்ணாடியோடு சேர்த்தே பத்திரமாக வையுங்கள். நான் இந்தத் தொழிலில் 20 வருடத்துக்கு மேல் இருக்கிறேன், நானே இதில் கை வைக்க மாட்டேன்.

இனி மவுண்ட் கதை. உங்கள் இரண்டு படங்களும் இரண்டு தனித்தனிக் காரணத்தால் கெட்டிருக்கின்றன, அதைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் போய்விடும்.

முதல் படம் கெட்டது இடைவெளி இல்லாததால். உங்கள் பக்கம் இரவில் எவ்வளவு குளிர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கண்ணாடி சட்டென்று குளிர்ந்துவிடும், பிரேமுக்குள் இருக்கிற காற்றின் ஈரம் அந்தக் கண்ணாடியின் உள்பக்கத்தில் வியர்த்து நிற்கும். குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலின் வெளியே துளி துளியாக நிற்குமே, அதேதான். படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த வியர்வை முழுவதையும் காகிதம்தான் குடிக்க வேண்டும். காகிதத்தில் ஜெலட்டின் பூச்சு இருக்கலாம், வர்ணத்தில் பிசின் இருக்கும், இரண்டும் ஈரம் பட்டால் பசை. ஒட்டாமல் என்ன செய்யும்? மவுண்டின் முதல் வேலை இந்தத் தொடுகையை நிறுத்துவதுதான். சாதாரண மவுண்ட் போர்ட் சுமார் 1.4, 1.5 மி.மீ. தடிப்பு. அந்தச் சின்ன இடைவெளியே படத்தைக் காப்பாற்றப் பெரும்பாலும் போதும். அழகு அதற்குப் பிறகு வருகிற விஷயம். மவுண்ட் ஸ்டைலுக்குத்தான் என்று சொல்பவர் கொழும்பில் வறண்ட ஏ.சி. அறையில் இருப்பவருக்குச் சொன்னால்கூட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், தலவாக்கலையில் இருப்பவருக்குச் சொல்வது பெரிய தப்பு.

இரண்டாவது படம் கெட்டது அட்டையால். மலிவான மவுண்ட் போர்டின் நடுப்பகுதி மரக்கூழ். மரக்கூழில் லிக்னின் என்று ஒன்று இருக்கிறது, பழைய பத்திரிகைத் தாளை மஞ்சளாக்குவதும் அதுதான். நாளாக நாளாக அதிலிருந்து அமிலம் வெளியேறித் தொட்டுக்கொண்டிருக்கிற காகிதத்துக்குள் இறங்கும், ஈரம் அதிகமான இடத்தில் இன்னும் வேகமாக. சன்னலின் சாய்வு வெட்டில் நடுப்பகுதி வெளியே தெரிகிறதல்லவா, அதனால்தான் கோடு சரியாக அந்த விளிம்பை ஒட்டி விழுகிறது. விழுந்த கோட்டை வீட்டில் அழிக்க முடியாது. அட்டையை மாற்றினால் மேலும் கறுக்காமல் நிறுத்தலாம், அதை உடனே செய்யுங்கள்.

ஆகவே மவுண்ட் வேண்டும், நல்ல அட்டையில் வேண்டும். மூன்று தரம் வருகிறது. சாதாரணமானது உங்களிடம் இருப்பது. அதற்கு மேலே கன்சர்வேஷன் போர்ட், இதிலும் மரக்கூழ்தான், ஆனால் லிக்னினைச் சுத்தமாக நீக்கிக் கல்சியம் காபனேற்று சேர்த்திருப்பார்கள், வெளியிலிருந்து வருகிற அமிலத்தை அது சமாளிக்கும். அதற்கும் மேலே முழுக்கப் பருத்தியில் செய்த மியூசியம் போர்ட். உங்கள் படத்துக்குக் கன்சர்வேஷன் போர்ட் போதும். மேல்தாள் மட்டும் அசிட் ஃப்ரீ, நடுப்பகுதி சாதாரணம் என்றும் சில அட்டைகள் இருக்கின்றன, அதில் ஏமாறாதீர்கள். கடையில் அதே அட்டையின் பழைய வெட்டுத் துண்டு கிடந்தால் வாங்கி விளிம்பைப் பாருங்கள். ஒரு வருடம் வெளிச்சத்தில் கிடந்தும் நடுப்பகுதி வெள்ளையாகவே இருந்தால் நம்பலாம். மஞ்சளாகியிருந்தால் வேண்டாம்.

இன்னொன்று, சன்னல் அட்டையை மட்டும் நல்லதாகப் போட்டுப் பின்னால் ஹார்ட்போர்டை நேரே படத்தின் முதுகில் வைத்துவிட்டால் பிரயோசனம் இல்லை. ஹார்ட்போர்டும் அமிலம்தான். படத்தின் பின்னாலும் அதே நல்ல அட்டை ஒன்று முழுத் துண்டாக வர வேண்டும், அதற்குப் பின்னால்தான் மற்றது. காசு குறைவு என்றால் பிரேம் சட்டத்தில் குறையுங்கள் டீச்சர். சட்டம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். படத்தைத் தொடுகிற பொருளில் குறைக்க வேண்டாம்.


வட்டவளை மழை எழுதியது:

அண்ணன் சொல்வது சரி, ஆனால் கன்சர்வேஷன் போர்ட் எங்கள் பக்கம் எந்தக் கடையில் இருக்கிறது? கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். நான் என் மகளின் படங்களுக்கு ஸ்கூலுக்கு வாங்குகிற வெள்ளை பிரிஸ்டல் போர்டில் சன்னல் வெட்டிப் போட்டிருக்கிறேன், இரண்டு வருடமாக நன்றாகத்தான் இருக்கிறது. டீச்சரும் அதைச் செய்து பார்க்கலாமே, அதில் வெட்டுவதும் சுலபம்.


கண்டி பிரேம் வேலை எழுதியது:

பிள்ளையின் படத்தை மாட்டி வைத்திருப்பது நல்ல விஷயம் தம்பி. ஆனால் பிரிஸ்டல் போர்ட் மவுண்டுக்குப் பதிலாகாது. தடிப்பு ஒரு மி.மீ.இல் மூன்றில் ஒரு பங்குகூட வராது, ஈரத்தில் காகிதம் நெளிந்தால் அந்த நெளிவே கண்ணாடியைத் தொட்டுவிடும். நீர்வர்ணக் காகிதம் உங்கள் வட்டவளை மழைக்கு நெளியாமல் இருக்காது. ஸ்கூல் அட்டை எதில் செய்தது என்றும் யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் என்பது இதில் ஒரு கணக்கே இல்லை, டீச்சரின் படத்தில் கோடு விழவும் முதலில் சில வருடம் எடுத்திருக்கும், மெதுவாக வருவதால்தான் கண்ணில் படாமல் போகிறது.

சட்டத்தின் உள்விளிம்பில், கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில், மெல்லிய பிளாஸ்டிக் கீற்று ஒட்டி இடைவெளி உண்டாக்குகிற வழியும் இருக்கிறது. அவசரத்துக்கு அது பிரிஸ்டல் போர்டை விட எவ்வளவோ மேல். மகளின் படங்களுக்கு அதைச் செய்யுங்கள்.


ஊவாக் காற்று எழுதியது:

நான் பண்டாரவளையில் இருக்கிறேன், ஓவியம் பழகுகிறேன், மவுண்ட் வீட்டிலேயே வெட்டுகிறேன். வட்டவளை அண்ணா சொன்ன கஷ்டம் எனக்கும் இருந்தது. நான் செய்வது இதுதான்: கொழும்புக்கு யாராவது போனால் முழு அட்டையாக வாங்கிவரச் சொல்லிவிடுவேன். முழு அட்டை வழக்கமாக 32க்கு 40 அங்குலம், அதில் நடுத்தரமான படங்கள் மூன்று நான்குக்கு வெட்டலாம். பஸ்ஸில் மடங்காமல் கொண்டுவருவதுதான் பாடு, கடையிலேயே இரண்டாக வெட்டி வாங்கினால் நல்லது. சன்னலை நானே வெட்டிக் கடைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடியும் சட்டமும் மட்டும் போடச் சொல்லுவேன். அக்காவும் அப்படிச் செய்யலாம். கடைக்காரருக்கும் இதில் மறுப்பு இருக்காது.

வெட்டுவது பற்றி: 45 பாகைச் சாய்வில் பிளேட் பிடிக்கிற கைக்கருவி ஒன்று விற்கிறது, அதோடு கனமான இரும்பு ரூலர் வேண்டும், பிளாஸ்டிக் ரூலர் வழுக்கும். கோடு போடுவதும் வெட்டுவதும் அட்டையின் பின்பக்கம். கீழே கட்டாயம் அதே மாதிரி ஒரு கழிவு அட்டையை வையுங்கள், நேரே மேசையில் வைத்து வெட்டினால் முகப்பக்க விளிம்பு பிய்ந்து நூல் நூலாக நிற்கும். பிளேட் அந்தக் கழிவு அட்டையைக் கொஞ்சம் கீறும் அளவுக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போதும். சாய்வு எந்தப் பக்கம் விழுகிறது என்று முதலில் ஒரு துண்டில் வெட்டிப் பார்த்துவிடுங்கள், நான் என் முதல் அட்டையில் வெள்ளைச் சாய்வு பின்பக்கம் போகும்படி வெட்டிவிட்டு ஒரு முழுத் துண்டை இழந்தேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

மூலைதான் கஷ்டம். பிளேட் சாய்வாகப் போவதால் முகப்பக்கத்தில் வெட்டு முடிகிற இடமும் பின்பக்கத்தில் நீங்கள் பார்க்கிற இடமும் ஒன்றல்ல. அதனால் மூலைக் கோட்டுக்கு அட்டைத் தடிப்பளவு, அதாவது ஒன்றரை மி.மீ. போல, முன்பே தொடங்கி அதே அளவு தாண்டி நிறுத்த வேண்டும். நான்கு பக்கமும் வெட்டியபின் நடுத்துண்டு தானாக விழ வேண்டும். விழாவிட்டால் தள்ளாதீர்கள், மூலை கிழிந்துபோகும். புதுச் சவர பிளேடை அதே சாய்வில் மூலைக்குள் செருகி மெதுவாக முடித்துவிடுங்கள். கொஞ்சம் தாண்டி வெட்டுப்பட்டால் கவலை வேண்டாம், நகத்தாலோ கரண்டியின் முதுகாலோ நீவிவிட்டால் மறைந்துவிடும். பிளேடை ஒவ்வொரு சன்னலுக்கும் மாற்றுங்கள். மழுங்கின பிளேடோடு எவ்வளவு கவனமாக வெட்டினாலும் வேலை நடக்காது.

நிறம் பற்றி அக்கா கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பனி, கோச்சி, மலை என்றால் இளஞ்சாம்பல் நீலத்தில் போட ஆசை வரும். ஆனால் அட்டை நிறம் படத்தை விட முதலில் கண்ணைப் பிடித்தால் படம் தோற்றுவிடும். படத்தின் காகித வெள்ளையை விடப் பளிச்சென்ற வெள்ளையும் வேண்டாம், அப்பாவின் காகிதம் அழுக்காகத் தெரியும். அதே வெள்ளையோ கொஞ்சம் மங்கலோ போதும்.


பழைய பெட்டி எழுதியது:

இந்தக் கேள்வியில் நான் நடுவில் நுழைகிறேன், மன்னியுங்கள். எங்கள் வீட்டில் தாத்தாவின் கல்யாணப் போட்டோவும், 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர் எடுத்த குடியுரிமைக் கடதாசியும் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் தம்பியும் தங்கைகளும் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள், தாத்தா இங்கேயே நின்றார். இரண்டையும் ஒரே பிரேமில், ஒரே மவுண்டில் இரண்டு சன்னல் வெட்டிப் போடலாமா? சித்தப்பா இதற்கு முன்பு செல்லோ டேப் போட்டுக் கடதாசியைப் பேப்பரில் ஒட்டி வைத்திருந்தார், அந்த இடமெல்லாம் மஞ்சளாகிவிட்டது.


கண்டி பிரேம் வேலை எழுதியது:

ஒரே மவுண்டில் இரண்டு சன்னல் தாராளமாக வெட்டலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் உள்ளே வைப்பது நகலாக இருக்கட்டும். கடதாசி மை வெளிச்சத்தில் வெளுக்கும், ஒருமுறை வெளுத்தால் திரும்பி வராது. இரண்டையும் நல்ல ஸ்கேனில் அசலளவில் பிரதி எடுத்து அதை மாட்டுங்கள். அசல்களைத் தனித்தனியாக அமிலமற்ற தாளில் வைத்து, தரையிலும் வெளிச்சுவரிலும் படாத ஒரு அலுமாரியில் வையுங்கள். அந்தக் கடதாசிக்காக உங்கள் தாத்தா எத்தனை கந்தோர்ப் படி ஏறியிருப்பார் என்று எங்கள் வீட்டுக் கதையிலிருந்தே எனக்குத் தெரியும். டேப்பை உரிக்க வேண்டாம், எழுத்தும் சேர்ந்து வரும்.

ஒட்டுவது பற்றிப் பேச்சு வந்ததால் டீச்சருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். படத்தை மவுண்டில் பிடிக்க வைக்க செல்லோ டேப், மாஸ்கிங் டேப், வெள்ளைக் கம் எதுவும் கூடாது. படம் முழுவதையும் அட்டையில் ஒட்டவே கூடாது, காகிதம் ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும், அதற்கு இடம் இல்லாவிட்டால் வீங்கி நெளியும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் மெல்லிய ஜப்பானியக் காகிதக் கீற்றால் பின் அட்டையில் தொங்கவிட வேண்டும், துணி கொடியில் தொங்குகிற மாதிரி. பசை கோதுமை மாச்சத்தில் செய்தது. வீட்டில் கோதுமை மாவில் காய்ச்சுகிற கூழ் வேறு, அதில் மாவின் பசைப்புரதம் இருப்பதால் ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசினால் இழுபடுகிற பகுதி கையில் நிற்கும், வெள்ளைத் தண்ணீர் அடியில் படிகிறதே, அந்தப் படிவுதான் மாச்சத்து. அதில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டுச் சிறு தீயில் கிளறிக் காய்ச்சி வடிகட்ட வேண்டும்.

இது முடியாது என்றால் இன்னும் சுலபமான வழி: அமிலமற்ற தாளைச் சின்ன முக்கோணமாக மடித்து நான்கு மூலைக்கும் உறை செய்து, உறையைப் பின் அட்டையில் ஒட்டிப் படத்தின் மூலைகளை அதற்குள் செருகிவிடலாம். பழைய போட்டோ ஆல்பத்தில் இருக்குமே, அதுதான். படத்தின் மேல் ஒரு துளி பசையும் படாது. உறை படத்தை இறுக்கிப் பிடிக்காமல் ஒரு மி.மீ. தளர்ச்சி இருக்கட்டும்.


தலவாக்கலை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. நேற்று ஞாயிறு, தம்பியும் நானும் உட்கார்ந்து லயத்துப் படத்தின் பிரேமைக் கழற்றினோம். அண்ணன் சொன்னது அப்படியே. பின்னால் நேரே ஹார்ட்போர்ட், படத்தின் மேல் விளிம்பு முழுக்க மாஸ்கிங் டேப், அது காய்ந்து மொறுமொறுவென்று தானாகவே உதிர்ந்தது, ஆனால் அதன் பிசுக்கு காகிதத்தில் நிற்கிறது. மழைக்காலத்தில் ஹார்ட்போர்ட் வளைந்து படத்தை முன்னுக்குத் தள்ளியும் இருக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. மவுண்டைத் தூக்கினதும் கீழே படத்துக்கு வெளியே இருக்கிற வெள்ளை ஓரத்தில் பென்சிலில் அப்பாவின் எழுத்து. "அம்மா, அந்திக் கொழுந்து முடிந்து." அவ்வளவுதான். இத்தனை வருடம் எங்கள் சுவரில் இருந்த படம், இது இருப்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது, மவுண்ட் அதை மூடியிருந்தது. அம்மா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். கோச்சிப் படத்தின் கீழேயும் "கிரேட் வெஸ்டர்ன்" என்று எழுதியிருக்கிறது, அது பிரேம் போடாததால் எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது.

இப்போது கேள்வி இது. கோச்சிப் படத்தின் காகிதம் அகலம் 38 செ.மீ., உயரம் 28 செ.மீ. சுற்றிவர 2 செ.மீ. வெள்ளை ஓரம் விட்டு வரைந்திருக்கிறார். நான்கு பக்கமும் 5 செ.மீ. மவுண்ட், சட்டமும் 5 செ.மீ. அகலம் என்று நினைத்திருந்தேன், சரியா? எழுத்து தெரிய வேண்டும். லயத்துப் படத்திலும் எழுத்து தெரிய வேண்டும், ஆனால் அதில் பழைய சன்னல் படத்தின் மேல் அரை செ.மீ. ஏறியிருந்ததால் மண்ணிறக் கோடு படத்துக்குள்ளேயே சுற்றி ஓடுகிறது. எழுத்து தெரியும்படி பெரிய சன்னல் வெட்டினால் கோடும் முழுக்கத் தெரியும். சின்னதாக வெட்டினால் கோடு மறையும், எழுத்தும் மறையும்.


கண்டி பிரேம் வேலை எழுதியது:

கோச்சிப் படத்தின் கணக்கு முதலில். எழுத்து தெரிய வேண்டும் என்பதால் சன்னலைப் படத்தின் விளிம்பில் வெட்டாமல் காகிதத்தின் விளிம்பை நோக்கித் தள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. மட்டும் காகிதத்தின் மேல் ஏறினால் போதும். அப்படியென்றால் சன்னல் 37.4க்கு 27.4 செ.மீ. அப்பாவின் வெள்ளை ஓரமே உள் மவுண்ட் மாதிரி நிற்கும், அதற்குள் எழுத்தும் இருக்கும்.

5, 5 வேண்டாம். மவுண்டும் சட்டமும் ஒரே அகலம் வந்தால் கண்ணுக்குக் கோடு கோடாக அடுக்கினது போல இருக்கும். சட்டத்தை 2 செ.மீ.க்குக் குறையுங்கள், காசும் மிச்சம். மவுண்ட் மேலும் இரு பக்கமும் 7, கீழே 8. கீழே ஒரு செ.மீ. கூட விடுவது பழைய வழக்கம். நான்கும் சமமாக இருந்தால் படம் கீழே இறங்கி நிற்பது போலத் தோன்றும், அதற்காகத்தான். ஆக வெளி அளவு 51.4க்கு 42.4. சட்டத்தின் உதடு ஒவ்வொரு பக்கமும் 6 மி.மீ. போல மவுண்டை மறைக்கும், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் உள்ளளவை மவுண்டை விட 2, 3 மி.மீ. பெரிதாகச் செய்யச் சொல்லுங்கள், அட்டைக்கும் விரிய இடம் வேண்டும்.

இப்போது தை மாதம், உங்கள் பக்கம் மழை குறைந்த காலம், நல்ல நேரம். வைகாசிக்குப் பிறகு என்றால் அட்டையே ஈரத்தைக் குடித்திருக்கும், அதை அப்படியே கண்ணாடிக்குள் அடைத்த மாதிரி ஆகிவிடும். அட்டையும் படமும் ஒரே காய்ந்த அறையில் இரண்டு நாள் கிடக்கட்டும், வெயில் அடிக்கிற ஒரு நாளில் மூடுங்கள். மாட்டும்போது வெளிச்சுவர் வேண்டாம், அடுப்படிக்குப் பக்கத்துச் சுவரும் வேண்டாம். உள்சுவரில் மாட்டி, பிரேமின் கீழ் இரண்டு மூலைக்கும் பின்னால் போத்தல் தக்கையை அரை செ.மீ. தடிப்பில் வெட்டி ஒட்டிவிடுங்கள், பின்னால் காற்று ஓடும்.

லயத்துப் படம். இதற்கு நான் வேறொரு ஆளுக்கு வேறு பதில் சொல்லியிருப்பேன், வழக்கமாகக் கோட்டை மறைக்கத்தான் பார்ப்போம். உங்களுக்கு என் கருத்து பெரிய சன்னல்தான். கோடு ஒரு கடை செய்த பிழை, அது தெரிந்தால் படத்துக்கு ஒன்றும் குறையாது. அந்த எழுத்தை இன்னொரு தடவை மூடினால் உங்கள் பிள்ளைகளுக்கும் தெரியாமல் போகும். ஆனால் இது வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டியது.


ஊவாக் காற்று எழுதியது:

அக்கா, அடுத்த வாரம் என் அண்ணன் கொழும்பிலிருந்து வருகிறார், கன்சர்வேஷன் போர்ட் ஒன்று உங்களுக்கும் சேர்த்து வாங்கிவரச் சொல்லட்டுமா? ஒரு முழு அட்டையில் கோச்சிப் படத்தின் சன்னலும் பின் அட்டையும் இரண்டுமே வரும், 32 அங்குலம் என்பது 81 செ.மீ.தானே, கணக்குப் போட்டுப் பார்த்தேன். லயத்துப் படமும் அதே அளவென்றால் இரண்டு அட்டை. பதுளை கோச்சியிலேயே தலவாக்கலை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து தரலாம்.


தலவாக்கலை டீச்சர் எழுதியது:

இரண்டு அட்டை வாங்கச் சொல்லுங்கள் தங்கச்சி, காசை அனுப்பிவிடுகிறேன். லயத்துப் படமும் அதே 38க்கு 28தான், நிமிர்ந்தபடி. அம்மாவிடம் கேட்டேன். கோடு இருந்தால் இருக்கட்டும், எழுத்து தெரியட்டும் என்றார்.